ராணியின் சிரிப்பு யாருடையது

கருத்துக்காரருக்குக் கருத்தே இல்லாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது காய்ந்த துணியை மடிப்பது. மற்ற எல்லாவற்றிலும் அவருக்குக் கருத்து இருந்தது. செல்போனின் ஓரம் வளைவாக இருக்கலாமா, தட்டையாக இருக்க வேண்டுமா. கேம் விளையாடுகிறவன் நடுவில் விளம்பரம் பார்க்கச் சம்மதித்தால் அவனை மனிதன் என்று சொல்லலாமா. அடுத்தவன் படைப்பை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவனை என்ன செய்வது. இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் பதினொரு பக்கம் எழுதி உரிய இடத்துக்கு அனுப்பியும் வைத்திருந்தார். அந்தப் பக்கங்கள் பிற்பாடு அவரைத் தேடி வந்த கதைதான் இது.

பகலில் அவருக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, "பீப்னு கேட்டா பொத்தானை அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்பார். தன் காதையும் அதே கூண்டில் சோதித்து, வந்த கோட்டுப்படத்துக்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். வளைவே இல்லாத நேர்க்கோடு. வருகிறவர்களிடம், "இது யார் காதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே சொல்லிவிடுவார்.

மாலை ஆறு மணிக்குப் படுக்கையறை அவருடைய ஒளிப்பதிவுக் கூடமாகிவிடும். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வீடியோ. பதினோராயிரம் பார்வையாளர்கள். அதில் மாமனார் மட்டும் மூன்று பேர். கடவுச்சொல் மறக்க மறக்க அவர் புதுக் கணக்கு தொடங்கிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை. உள்ளே கதவு சாத்தியிருக்கும்போது "ஆ" என்று ஒரு குரல் கேட்டால், தலை நிமிராமலே, "அது ஆறாம் நம்பர் டோக்கன். ஏழாம் நம்பர் இப்படிக் கத்த மாட்டார், அவர் கையைத்தான் கடிப்பார்" என்று சொல்லிவிடுவாள். அதற்கெல்லாம் அவள் சட்டம் போட்டு எதையும் மாட்டி வைத்ததில்லை.

அன்று சனிக்கிழமை மதியம். கருத்துக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கோட்டை ராணி' ஆடிக்கொண்டிருந்தார். கோட்டையைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கோட்டை விழுந்தால் கோபுரத்தின் மேலே நின்று ராணி சிரிப்பாள். முதலில் மூச்சை அடக்குவது போல ஒரு சின்ன இடைவெளி. பிறகு மூன்று படி ஏறுகிற சிரிப்பு. மூன்றாவது படியில் ஓர் உலோகச் சத்தம், ணங். கடைசியில் மூக்கிலிருந்து ஒரு 'க்றுக்'. அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் இவர் இருபத்து நான்கு நிமிட வீடியோ போட்டிருந்தார். ணங் என்பது ராணியின் கிரீடம் கீழே விழும் ஓசை என்றும், வெற்றிக் களிப்பிலேயே அவளது வீழ்ச்சியைச் சொல்லிவிடுகிற அபாரமான உத்தி அது என்றும் விளக்கியிருந்தார். "மக்களே, இப்படி ஒரு சிரிப்பை நான் என் வாழ்க்கையில எங்கேயுமே கேட்டதில்லை" என்று முடித்து, ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

ராணி சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் படைப்புரிமைக் காப்பு வாரியத்திலிருந்து அறிவிப்பு வந்தது.

'தங்கள் காட்சி எண் 187, "உடையாத போனை உடைத்துப் பார்க்கிறோம்", மூன்றாம் நிமிடத்தில், பதிவு எண் 4417 "பெண் சிரிப்பு, நடுத்தரம், உலோக ஓசையுடன்" உரிமையாளரின் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. மேலும் அறுபத்திரண்டு காட்சிகளில் அதே சிரிப்பின் சாயல் கண்டறியப்பட்டுள்ளது. உரிமையாளர்: கோட்டை ராணி விளையாட்டு நிறுவனம். பதினாலு நாளில் தக்க பதில் தராவிடில் தங்கள் பக்கம் முழுவதும் நீக்கப்படும்.'

கருத்துக்காரர் துள்ளி எழுந்தார். பத்து வருட உழைப்பு!

"அநியாயத்தைப் பாரு! ராணியோட சிரிப்பை நான் திருடிட்டேனாம்!"

மனைவி கூடத்தில் நின்று படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பு. இரண்டு மூலைகளைக் கைகளில் பிடித்து, நடுவைத் தாடையால் அழுத்திக்கொண்டிருந்ததால் வாய் திறக்காமலே, "ம்?" என்றாள்.

"கேம் வந்தே பதினாலு மாசம்தான் ஆச்சு. என் வீடியோ மூணு வருஷத்துக்கு முந்தி போட்டது. அதுக்குள்ள எப்படி அந்தச் சிரிப்பு போகும்? எவனோ புகுந்து செருகியிருக்கான். நீயே கேளு."

முதலில் தன் வீடியோவைப் போட்டார். மூன்று வருடம் இளைய கருத்துக்காரர், உடையாத போனைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். போன் உடையவில்லை. எகிறி வந்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. "ஆவ்வ்!" உடனே பின்னாலிருந்து சிரிப்பு. மூன்று படி. ணங். க்றுக். பிறகு கேமைப் போட்டுக் கோட்டையை விழவிட்டார். அதற்கு அவர் பெரிய முயற்சி எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று படி. ணங். க்றுக்.

"பாத்தியா? இம்மி பிசகலை. பக்கா சதி."

மனைவி தாடையை விரிப்பிலிருந்து எடுத்தாள்.

"அது நான்."

"எது?"

"சிரிக்கிறது. நான்தான் சிரிக்கிறேன். அந்த ணங், கரண்டி. சிரிச்ச சிரிப்புல கையிலேர்ந்து நழுவிக் கழுவுற தொட்டியில விழுந்துச்சு. காம்பு வளைஞ்சு போச்சு. இன்னைக்கு மத்தியானம்கூட அதாலதான் உங்களுக்குப் பரிமாறினேன்."

கருத்துக்காரர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த கேமை எத்தனை நாளா ஆடறீங்க?" என்று கேட்டாள்.

"வந்த நாள்லேர்ந்து."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தோப்பீங்க?"

"அஞ்சாறு." அவள் முகத்தைப் பார்த்தார். "இருபது இருக்கும்."

"பதினாலு மாசமா, தினம் இருபது தடவை, உங்க காதுக்குள்ளேயே உக்காந்து நான் சிரிச்சிருக்கேன். ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணலை."

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். கருத்துக்காரரால் எப்படி முடியும்? "அப்படி இல்ல. இந்த ஹெட்போன்ல கீழ்ச்சுருதி கொஞ்சம் தூக்கலா வரும். அதனால ஒரிஜினல் குரலோட தன்மை..." என்று ஆரம்பித்தார்.

அவள் விரிப்பைத் தனியாகவே மடித்து முடித்து அலமாரியில் வைத்தாள். அறுபத்து மூன்று வீடியோவிலும் அவள் சிரிப்பு இருந்ததற்கும், நூற்று எண்பத்தேழுக்குப் பிறகு ஒன்றில்கூட இல்லாததற்கும் காரணம் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அந்த வீடியோவுக்குப் பிறகு அவர், பேசுகிறவன் குரலை மட்டும் எடுத்து வீட்டுச் சத்தத்தை விழுங்கிவிடுகிற மைக் ஒன்று வாங்கினார். அதற்கும் ஐந்து நட்சத்திரம்தான்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அது நின்றுபோனதை, நேர்க்கோட்டுக் காது உள்ளவர், மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

படைப்புரிமைக் காப்பு வாரியம் ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் போனை வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். காவலர், "உள்ளே விசில் அடிக்கக் கூடாது, பாட்டு முணுமுணுக்கக் கூடாது, மேசையில தாளம் போடக் கூடாது" என்று ஒப்பித்தார். லிஃப்டுக்குள், 'உரிமம் புதுப்பிக்கப்படும் வரை இசை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டி ஆறு வருடமாகியிருந்தது.

முதல் மாடிக் கவுண்டரில் ஓர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபணைன்னா படிவம் ஏழு. மூணு பிரதி வேணும்."

"ஒண்ணு குடுங்க மேடம். வெளியே போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். "சார், இது எந்த ஆபீஸ்னு தெரியும்ல? படிவத்தோட உரிமை வாரியத்துக்கு. அதை நகல் எடுத்தா உங்க மேலயே தனியா கேஸ் வரும்."

"அப்ப மூணு படிவமா குடுத்துடுங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

"அப்ப மூணு பிரதிக்கு நான் என்ன பண்றது?"

"மூணு நாள் வாங்க. எல்லாரும் அப்படித்தான் வராங்க." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தினார். "மூணுலயும் ஒரே மாதிரி எழுதிடாதீங்க. ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பி அடிச்சதுன்னு இயந்திரம் தூக்கிப் போட்டுடும்."

படிவத்தின் நான்காவது கேள்வி, 'சர்ச்சைக்குரிய ஒலியை விவரிக்கவும்' என்பது. முதல் நாள் கருத்துக்காரர், 'நடுத்தர அதிர்வெண், மூன்று கட்டம், இறுதியில் மூக்கொலி' என்று எழுதினார். கடையில் எழுதுகிற பழக்கம். இரண்டாம் நாள், 'கொலுசு உருண்டு படியேறுவது போல்' என்று எழுதிவிட்டு, கொலுசு உருளுமா என்று தனக்குத்தானே சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் எழுத ஒன்றும் மிச்சமில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு, பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தபோது பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் அப்பாவுக்குக் கருவி பொருத்த அவரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். கூண்டுக்குள் அப்பா, பீப் வந்தாலும் வராவிட்டாலும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். மகள் முன்னால் தோற்றுவிடக் கூடாது என்று அவருக்கு வைராக்கியம். இவரும் உள்ளே நின்றுகொண்டிருந்தார். வெளியே அந்தப் பெண் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. சோதனையின் நடுவில் கதவைத் திறக்கவே கூடாது என்பது விதி. இவர் திறந்தார். திறந்து, அந்தச் சிரிப்பின் கடைசி 'க்றுக்'கை மட்டும் பிடித்தார். மாமனாருக்கு அன்றைக்குக் கொடுத்த சோதனை முடிவு தப்பு. அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூன்றாவது படிவத்தில், 'கேட்பதற்காகக் கதவைத் திறக்க வைக்கும்' என்று எழுதிக் கொடுத்தார்.

நாலாம் நாள் பிரிவு இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் வழுக்கைத் தலையும் இரண்டு பேனாவுமாக இருந்தார். கோப்பில் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீங்களா! உக்காருங்க, உக்காருங்க. ஐயோ, இத்தனை வருஷமா உங்களை நேர்ல பாக்கணும்னு இருந்தோம். நீங்கதானே பொதுமக்கள்!"

கருத்துக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி, சட்டம் கொண்டுவரப் பொதுமக்கள் கருத்து கேட்டு விளம்பரம் குடுத்தோம். முப்பது நாள் அவகாசம். மொத்தமா ஒரே ஒரு கருத்து வந்துச்சு. பதினோரு பக்கம். என்ன தெளிவு! என்ன கோபம்! ஒரு எழுத்தைக்கூட மாத்தாம அப்படியே சட்டமாக்கிட்டோம்."

சுவரில், தலைவர் படம் மாதிரி சட்டமிட்டு, கருத்துக்காரரின் கையெழுத்து தொங்கியது. 'வாங்க, பிரிச்சுப் பாக்கலாம்' என்று அவர் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிற தொடக்க வரியை வேறொருவன் எடுத்துக்கொண்டதும், அந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதியது. பிரித்துப் பார்க்கிற வேலையில் 'பிரிச்சுப் பாக்கலாம்' என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

"சார், இது என் சம்சாரத்தோட சிரிப்பு," என்றார். "என் வீடியோ மூணு வருஷம் முந்தி. கம்பெனிக்காரன் பதிஞ்சது ரெண்டு வருஷம் முந்தி. தேதியைப் பாத்தாலே தெரியும்."

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "ஆறாவது புள்ளி. 'பதிவு செய்த தேதியே படைப்பு பிறந்த தேதியாகக் கொள்ளப்படும். பதியாதவன் படைத்தேன் என்று சொல்வதைச் செவிமடுக்கலாகாது.' உங்க வரிதான். 'செவிமடுக்கலாகாது'! அந்த வார்த்தைக்காகவே ரெண்டு தடவை படிச்சேன்."

"அவங்க என் வீடியோலேர்ந்துதானே எடுத்திருக்காங்க?"

"சத்தங்களை விக்கிற ஒரு ஒலிக்கடையிலேர்ந்து வாங்கியிருக்காங்க. அந்தக் கடை எங்கேர்ந்து எடுத்துச்சுன்னு கேட்டா அது வரலாறு. நாங்க வரலாற்றுக்குள்ள போறதில்லை. படைச்சவங்க யாருன்னு தேட ஆரம்பிச்சா சார், இந்த ஆபீசை நடத்தவே முடியாது. பன்னிரண்டு வருஷமா படைப்பாளிகளைக் காப்பாத்திட்டிருக்கோம். இதுவரைக்கும் ஒரு படைப்பாளிகூட உள்ளே வந்து எங்களைத் தொந்தரவு பண்ணினதில்லை."

"சரி, அவளையே கூட்டிட்டு வந்து சிரிக்கச் சொன்னா?"

"தாராளமா. விசாரணையில இயந்திரம் முன்னாடி சிரிக்கட்டும். பொருந்தலைன்னா அது அவங்க சிரிப்பு இல்லைன்னு ஆயிடும்."

"பொருந்திச்சுன்னா?"

"பொருந்திச்சுன்னா, உரிமம் இல்லாம 4417-ஐ நிகழ்த்தினாங்கன்னு ஆயிடும். ரெண்டுல எது நடந்தாலும் உங்களுக்கு ஒரு முடிவு கிடைச்சுடும் பாருங்க. வாரியம் யாரையும் இழுத்தடிக்காது."

கருத்துக்காரரின் முகத்தைப் பார்த்து இயக்குநருக்கே பாவமாகிவிட்டது. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பொதுமக்களுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி? இது சமரசப் படிவம். அந்தச் சிரிப்பு கம்பெனிக்குச் சொந்தம்னு உங்க வீட்டம்மா ஒரு கையெழுத்து போட்டாப் போதும். உங்க வீடியோ எல்லாம் அப்படியே இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு ஒரு நாளைக்கு நாலு சிரிப்பு இலவசம். மூணு விநாடிக்கு மிகாம."

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும் என்றால், கருத்துக்காரர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நாலு சிரிப்பு என்பது ஒரு சராசரிக் குடும்பத்துக்குத் தாராளம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டும் வந்தார்.

மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் தாளை மேசையில் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்து, தொண்டையைச் செருமினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"எங்கே போடணும்?"

"கீழே, வலது பக்கம். நீ யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? பத்து வருஷமா ராப்பகலா உக்காந்து செஞ்சது. போகக் கூடாது. போட்டுடறேன்." பேனாவைத் திறந்தாள். "எப்படியும் இப்பல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு வரலை. வராததை யார் வச்சுக்கிட்டா என்ன?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் கருத்துக்காரர் பதிலுக்கு ஒரு கருத்துச் சொல்லியிருப்பார். சீனி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவர் கை அவரைக் கேட்காமலே நீண்டு பேனாவைப் பிடுங்கியது.

"வேண்டாம். நீ விசாரணைக்கு வா. கரண்டியையும் எடுத்துக்கோ."

"கரண்டி எதுக்குங்க?"

"சாட்சி."

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் அவளைச் சிரிக்க வைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கேட்ட ஜோக், படித்த ஜோக் எல்லாம் சொன்னார். அவள், "நல்லா இருக்குங்க" என்றாள். கடைசியில் உடையாத போனை எடுத்து மறுபடி தரையில் அடித்துப் பார்த்தார். இந்த முறை அது உடைந்துபோனது.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. அதன் நடுவில் தையல் இயந்திரம் அளவில் ஒரு பெட்டி. அதன் காதில் எப்போதும் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒலி ஆய்வாளர், ஒல்லியான மனிதர், பெட்டிக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்பது போல அதை ஒரு துணியால் போர்த்திக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"அறையில நடக்கிறது எல்லாம் பதிவாகுது," என்றார் இயக்குநர். "அம்மா, சிரிங்க."

மனைவி கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். "எதைப் பாத்து?"

"பொதுவா சிரிங்க."

"ஹ," என்றாள். இயந்திரம், 'இருமல்' என்று அச்சடித்தது.

இன்னும் இரண்டு முறை முயன்றாள். 'கதவு', 'இருமல், மீண்டும்' என்று வந்தது. இயக்குநர் குறித்துக்கொண்டார். "பொருந்தலை. அதோட, எதிர்த்தரப்பு ஒரு ஆதாரம் அனுப்பியிருக்காங்க. போடுங்க."

ஒலி ஆய்வாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுவதும் கருத்துக்காரரின் குரல் கணீரென்று நிறைந்தது: "மக்களே, இப்படி ஒரு சிரிப்பை நான் என் வாழ்க்கையில எங்கேயுமே கேட்டதில்லை!"

அந்த வீடியோவை மனைவி இதுவரை பார்த்ததில்லை. தலையைக் குனிந்து, கரண்டியின் வளைந்த காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னவர் சாதாரண ஆள் இல்லை," என்றார் இயக்குநர். "காது சோதிக்கிற தகுதி பெற்றவர். தகுதி பெற்ற காது, கட்டின மனைவியோட சிரிப்பு இது இல்லைன்னு சொல்லுது. அதுக்கு மேல நாங்க என்ன பேசறது?"

கருத்துக்காரர் எழுந்தார். "அந்தக் காது பழுதுன்னா?"

"என்னது?"

"அந்தக் காது பழுது சார். அது சொன்னதை எடுத்துக்க முடியாதுல்ல?"

இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பழுதுன்னா சாட்சியம் செல்லாதுதான். ஆனா சான்றிதழ் வேணும். இந்த வட்டாரத்துல அங்கீகரிக்கப்பட்ட சோதகர் யாரு?"

ஒலி ஆய்வாளர் பட்டியலில் விரலை ஓட்டினார். "ஒருத்தர்தான் சார் இருக்கார்." விரல் நின்றது. நிமிர்ந்து கருத்துக்காரரைப் பார்த்தார். "இவர்தான்."

"அப்ப அவரைப் பாத்து முறைப்படி வாங்கிட்டு வாங்க," என்றார் இயக்குநர், கொஞ்சமும் சிரிக்காமல்.

கருத்துக்காரர் பைக்குள் கையை விட்டுக் கடையின் முத்திரைத் தாளை எடுத்தார். கால் மணி நேரம் எழுதினார். முத்திரை குத்தினார். எழுந்து நின்று படித்தார்:

"மேற்படி நபர் என்னால் நேரில் சோதிக்கப்பட்டார். கடைக்குள் இவருக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் இரண்டு காதும் படுத்துவிடுகின்றன. தன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. குறைபாடு குறைந்தது மூன்று வருடமாக இருக்கிறது. கருவி பொருத்திப் பயனில்லை. ஏற்கனவே பொருத்தியிருப்பவற்றைக் கழற்றினால் குணமாக வாய்ப்பு உண்டு. பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இவருக்கு நன்றாகக் கேட்டதற்கு ஆதாரம் இருக்கிறது. அன்றைக்கு இவர் தன் வருங்கால மாமனாருக்குத் தப்பான கருவியைப் பொருத்திவிட்டார். கையொப்பம், சோதகர். கையொப்பம், நோயாளி."

"தப்பான கருவியா?" என்று மனைவி நிமிர்ந்தாள். "அப்ப அப்பாவுக்கு இத்தனை வருஷமா..."

"ஒண்ணும் கேட்டிருக்காது," என்றார் கருத்துக்காரர். "மூணு கணக்குலேர்ந்து பாக்கறாரே, ஒரு வீடியோகூடக் கேட்டிருக்க மாட்டார். அதனாலதான் எல்லாத்துக்கும் 'அருமை மாப்பிள்ளை'ன்னு போடறார்."

மூச்சு அடங்கிய ஒரு சின்ன இடைவெளி. கருத்துக்காரர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அடுத்த கணம் சிரிப்பு படியேறியது. ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படியில் மடியிலிருந்து கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. ணங். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். க்றுக்.

பச்சை விளக்கு சிவப்பானது. இயந்திரம் கடகடவென்று அச்சடித்தது. ஒலி ஆய்வாளர் தாளைக் கிழித்து எடுத்து வாசித்தார்.

"பொருத்தம் நூற்றுக்கு நூறு. இந்த அறையில் 4417 அனுமதியின்றி ஒலிபரப்பப்பட்டது. ஆகவே விசாரணையின் பதிவு முழுவதும் நீக்கப்படுகிறது. பதிவைச் செய்த அமைப்பு பதினாலு நாளில் பதில் தராவிடில் அதன் பக்கமும் நீக்கப்படும்."

"எந்த அமைப்பு?" என்றார் இயக்குநர்.

"நாமதான் சார்."

"நிறுத்துய்யா அதை!"

"முடியாது சார். ஒன்பதாவது புள்ளி. 'இயந்திரத்தின் தீர்ப்பில் மனிதர் எவரும், எக்காரணம் கொண்டும் குறுக்கிடலாகாது.'"

இருவரும் பொதுமக்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பொதுமக்கள் குனிந்து கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

விசாரணையின் பதிவே இல்லாததால் விசாரணை நடக்கவில்லை என்று ஆயிற்று. நடக்காத விசாரணையில் தக்க பதில் எப்படித் தந்திருக்க முடியும்? பதினாலாம் நாள், வாக்குத் தவறாமல், கருத்துக்காரரின் பக்கம் நீக்கப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டும் போயிற்று. மாமனார் புதிதாக நாலாவது கணக்கு தொடங்கித் தேடிப் பார்த்துவிட்டு, சரியான கருவி பொருத்திய காதோடு போன் செய்து ஆறுதல் சொன்னார். வாரியத்தின் பக்கமும் அதன் பதினாலாம் நாளில் மறைந்துவிட்டது. இயக்குநர் நாள்தோறும் முதல் மாடிக்கு இறங்கி வந்து வரிசையில் நின்று, ஒரு படிவம் ஏழு வாங்கிக்கொண்டு போவதாகக் கேள்வி. கோட்டை ராணி நிறுவனம், எதற்கு வம்பு என்று, தோல்விக்கு வேறு சத்தம் போட்டுவிட்டது.

மறுபடி ஒரு சனிக்கிழமை மதியம். காதில் எதையும் மாட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் கருத்துக்காரர் போனை வெளிச்சத்தத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார். கோட்டை விழுந்தது. ராணி சிரிக்கவில்லை. அவளுக்குப் பதிலாக, கோபுரத்தில் நின்ற ஒரு காவலன் கத்தினான்.

"ஆவ்வ்!"

கருத்துக்காரருக்கு உடனே கருத்து உண்டானது. கேவலம். கொடுத்த காசுக்கு யாரோ கடனே என்று கத்துகிறான். அடிபட்ட மனிதன் இப்படியா கத்துவான்? வலியே இல்லை, உயிரே இல்லை. ஐந்துக்கு அரை நட்சத்திரம் தரலாம், அதுவும்...

கூடத்திலிருந்து தடதடவென்று ஓடி வரும் சத்தம். மனைவி, ஒரு கையில் படுக்கை விரிப்பின் முனையோடு, மீதி விரிப்பு தரையில் இழுபட, வாசலில் வந்து நின்றாள்.

"எங்கே இடிச்சுக்கிட்டீங்க? முழங்காலா? காட்டுங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"கத்தினீங்களே!"

கருத்துக்காரர் போனைப் பார்த்தார். அவளும் போனைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை ஆடி, இன்னொரு முறை தோற்றார். ஆவ்வ். அப்போதுதான் அவர் கை மெதுவாகக் கீழே போய்த் தன் இடது முழங்காலைத் தடவிப் பார்த்தது.

அவள் கதவு நிலையில் சாய்ந்து சிரித்தாள். மூன்று படியும், க்றுக்கும். இந்தத் தடவை ணங் மட்டும் இல்லை. விரிப்பு விழுந்தால் சத்தம் வராது.

"வாங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வந்து அந்த முனையைப் பிடிங்க."

கருத்துக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தார். இரண்டு பேரும் விரிப்பை இழுத்து நிமிர்த்தி, எதிரெதிராக நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். எந்த மூலையை முதலில் எதனோடு சேர்த்தால் விரிப்பு கோணாமல் வரும் என்று அவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. துணி மடிப்பதில் அவருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக உண்டான கருத்து அது.

அதை அவர் சொல்லவில்லை.